கெய்ரோ மலைக்கோட்டையும் அதன் காலடியில் உள்ள பழைய நகரமும்: குடும்பத்தோடு செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

உம்ராவை முடித்துக்கொண்டு எகிப்து வழியாக ஊர் திரும்பும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்களில் பெரும்பாலோர் கெய்ரோவுக்கு ஒதுக்குவது இரண்டு நாள்தான். ஒரு நாள் பிரமிடுகளுக்குப் போய்விடும். மறுநாள் காலையில் ஸலாஹுத்தீன் அய்யூபியின் கோட்டையில் ஒரு மணி நேரம், மாலையில் கான் அல்கலீலி கடைத்தெருவில் கொஞ்சம் சாமான் வாங்குதல், அவ்வளவுதான். கோட்டைக்கும் கடைத்தெருவுக்கும் நடுவே கிடக்கும் ஆயிரம் ஆண்டு வரலாற்றைப் பேருந்தின் ஜன்னல் வழியாகவே கடந்துவிடுகிறோம்.

பூமியில் பயணம் செய்து, நமக்கு முன் வாழ்ந்தோரின் முடிவு என்னவாயிற்று என்று பார்க்கும்படி குர்ஆன் பல இடங்களில் நம்மைத் தூண்டுகிறது. அந்தப் பார்வையோடு பார்ப்பதற்குக் கெய்ரோவைப் போல் பொருத்தமான ஊர்கள் சிலவே. மலையின் மேல் அதிகாரம் இருந்தது; மலையின் கீழ் அறமும் அறிவும் இருந்தன. இரண்டில் எது நிலைத்தது என்பதை அங்கே கண்ணாலேயே காணலாம். இந்தக் கட்டுரையில் கோட்டையில் தொடங்கி, பழைய நகரத்தில் இறங்கி, இமாம் ஷாஃபி (ரஹ்) அவர்களின் அடக்கத்தலம் வரை ஒரு சுற்று வருவோம்.

கோட்டை எழுந்த வரலாறு

கெய்ரோவின் கிழக்கே முகத்தம் என்ற சுண்ணாம்புக்கல் மலை உள்ளது. அதிலிருந்து நகரத்தை நோக்கி நீண்டிருக்கும் ஒரு முகட்டின் மேல்தான் கோட்டை நிற்கிறது. அரபு வரலாற்று நூல்களில் இதன் பெயர் ‘கல்அத்துல் ஜபல்’, அதாவது மலைக்கோட்டை. இன்று உள்ளூர் மக்கள் ‘அல்கலஆ’ என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள்.

சுல்தான் ஸலாஹுத்தீன் 1176இல் இதன் கட்டுமானத்தைத் தொடங்கினார். சிலுவைப் படையினர் 1168இல் கெய்ரோவின் வாசல் வரை வந்து போயிருந்தனர். அந்த அச்சம் அப்போது நீங்கவில்லை. நபித்தோழர்கள் காலத்திலிருந்து வளர்ந்த ஃபுஸ்தாத் நகரம், ஃபாத்திமிகள் 969இல் நிறுவிய அல்காஹிரா நகரம் ஆகிய இரண்டையும் ஒரே மதிலுக்குள் கொண்டுவந்து, அந்த மதிலின் மையமாக இக்கோட்டையை நிறுத்துவது அவரது திட்டம். வேலையை மேற்பார்வையிட்டவர் அவருடைய தளபதி பஹாவுத்தீன் கராகூஷ். கீஸாவில் இருந்த சிறிய பிரமிடுகள் சிலவற்றைப் பெயர்த்து அந்தக் கற்களை அவர் பயன்படுத்தினார். 1183இல் கெய்ரோ வந்த ஸ்பெயின் நாட்டுப் பயணி இப்னு ஜுபைர், போரில் பிடிபட்ட ஐரோப்பியக் கைதிகள் இங்கே கல் அறுத்ததையும் அகழி தோண்டியதையும் கண்டு எழுதியிருக்கிறார்.

கோட்டையின் பழைய வாசலான பாபுல் முதர்ரஜில் ஹிஜ்ரி 579 என்ற ஆண்டைக் காட்டும் கல்வெட்டு இருக்கிறது. ஸலாஹுத்தீன், அவருடைய சகோதரர் ஆதில், கராகூஷ் ஆகியோரின் பெயர்கள் அதில் உள்ளன. ஆனால் ஸலாஹுத்தீன் இக்கோட்டையைத் தம் இருப்பிடமாக்கி ஆளவில்லை. 1182இல் சிரியா நோக்கிப் புறப்பட்டவர் எகிப்துக்குத் திரும்பவே இல்லை. 1187இல் பைத்துல் முகத்தஸை மீட்டார். 1193இல் டமாஸ்கஸில் மரணமடைந்தார். கோட்டையைக் கட்டி முடித்து முதன்முதலில் குடியேறியவர் ஆதிலின் மகன் காமில்.

அதன் பிறகு அய்யூபிகள், மம்லூக்குகள், உஸ்மானிய ஆளுநர்கள், முஹம்மத் அலி பாஷாவின் வம்சத்தார் என்று ஏறத்தாழ 700 ஆண்டுகள் எகிப்தின் ஆட்சி இந்த மலை மேலிருந்துதான் நடந்தது. 1874இல் கதீவ் இஸ்மாயில் கீழே புதிய நகரத்தில் கட்டிய ஆப்தீன் அரண்மனைக்கு மாறினார். பின்னர் வந்த ஆங்கிலேயப் படை 1946 வரை கோட்டைக்குள் தங்கியிருந்தது. பொதுமக்கள் சென்று பார்க்கும் இடமாக அது திறக்கப்பட்டது 1980களில்தான்.

யூசுஃப் கிணறு

கோட்டைக்குள் ‘பிஃரு யூசுஃப்’ என்றொரு கிணறு உண்டு. பெயரைக் கேட்டதும் இது நபி யூசுஃப் (அலை) அவர்களோடு தொடர்புடையது என்று எண்ணிவிட வேண்டாம். ஸலாஹுத்தீன் என்பது பட்டப் பெயர். அவருடைய இயற்பெயர் யூசுஃப் இப்னு அய்யூப். கிணற்றின் பெயர் அவரைக் குறிப்பது. சுற்றிக்காட்டுபவர் வேறு கதை சொன்னால் பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

பாறையைக் குடைந்து ஏறத்தாழ 90 மீட்டர் ஆழத்துக்கு இறக்கிய கிணறு இது. அவ்வளவு ஆழத்திலிருந்து ஒரே இழுப்பில் நீரை மேலேற்ற முடியாது. எனவே இரண்டு அடுக்காக அமைத்தார்கள். கிணற்றைச் சுற்றிப் பாறையிலேயே சரிவுப் பாதை வெட்டி, அதன் வழியே மாடுகளை நடு மட்டத்துக்கு இறக்கினார்கள். அங்கே மாடுகள் ஏற்றச் சக்கரத்தைச் சுற்ற, அடியிலிருந்து நீர் நடுமட்டத் தொட்டிக்கு வரும். அங்கிருந்து மேலே உள்ள இன்னொரு சக்கரம் அதை வெளியே கொண்டுவரும். முற்றுகை நாளில் வெளித்தண்ணீர் நின்றுபோனாலும் கோட்டை தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது.

சாதாரண நாள்களில் நைல் நதியிலிருந்தே தண்ணீர் வந்தது. ஆற்றங்கரையில் நீரை உயரத்துக்கு ஏற்றி, கல் வளைவுகளின் மேல் ஓடும் கால்வாய் வழியாக மலையடிவாரம் வரை கொண்டுவந்தார்கள். சுல்தான் நாஸிர் முஹம்மத் கட்டியதை, பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுல்தான் கூரி புதுப்பித்தார். அந்த வளைவுகளின் நீண்ட வரிசையை நகரின் தெற்கே இன்றும் காணலாம்.

கோட்டைக்குள் மூன்று பள்ளிவாசல்கள்

கெய்ரோவின் படம் என்றாலே நம் கண்ணில் படுவது முஹம்மத் அலி பாஷாவின் பள்ளிவாசல்தான். மெல்லிய இரண்டு மினாராக்கள், பெரிய குப்பா, உள்ளே அலபாஸ்டர் கல் பதித்த சுவர்கள். கட்டத் தொடங்கியது 1830இல். பாணி முழுக்க இஸ்தான்புல் பாணி. முற்றத்தில் ஒரு மணிக்கூண்டு நிற்கும். பிரான்ஸ் மன்னர் லூயி ஃபிலிப் அனுப்பிய பரிசு அது. லக்ஸர் கோயிலிலிருந்து பிரான்சுக்குக் கொடுக்கப்பட்ட கல்தூண், 1836 முதல் பாரிஸ் நகரின் நடுவே நிற்கிறது. அதற்குக் கைம்மாறாக வந்த கடிகாரமோ நெடுங்காலம் ஓடாமலேயே இருந்தது. எகிப்தியர் இதை இன்றும் கேலியாகச் சொல்லிக் காட்டுவார்கள்.

அதன் அருகே, சுற்றுலாக் கூட்டம் அதிகம் நுழையாத ஒரு பழைய பள்ளி இருக்கிறது. சுல்தான் நாஸிர் முஹம்மத் 1318இல் கட்டி 1335இல் விரிவாக்கியது. கூர்ந்து பாருங்கள்: தூண்கள் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. பழைய கோயில்களிலிருந்தும் தேவாலயங்களிலிருந்தும் எடுத்து வந்து நிறுத்தியவை அவை. மினாராக்களின் உச்சியில் பாரசீகப் பாணிப் பச்சை, நீல ஓடுகள். கோட்டை ஆட்சியாளர்கள் ஜும்ஆ தொழுத இந்தப் பள்ளியை ஆங்கிலேயர் சிறையாகவும் கிடங்காகவும் பயன்படுத்தினர்.

மூன்றாவது, வடக்குப் பகுதியில் உள்ள சுலைமான் பாஷா பள்ளி. 1528இல் கட்டப்பட்ட இது, கெய்ரோவில் உஸ்மானியர் எழுப்பிய முதல் பள்ளிவாசல். சிறியது, அமைதியானது. பிள்ளைகளோடு கொஞ்சம் உட்கார்ந்து இளைப்பாற ஏற்ற இடம்.

நாஸிர் முஹம்மத் இங்கே கட்டிய அரண்மனைகள் அந்தக் காலத்தில் பெரும் புகழ் பெற்றவை. கறுப்பும் மஞ்சளுமாகக் கல் அடுக்கிய ‘கஸ்ருல் அப்லக்’ அவற்றில் ஒன்று. இப்போது அது இல்லை. எஞ்சியிருந்தவற்றை அகற்றிவிட்டே முஹம்மத் அலி தம் பள்ளியையும் அரண்மனைகளையும் எழுப்பினார். ஏறத்தாழ எழுநூறு ஆண்டுக்கு முந்தைய சுல்தானின் சிம்மாசனக் கூடம் போய்விட்டது. அவர் தொழுத பள்ளி நிற்கிறது.

சுவர்கள் கண்ட கண்ணீர்

கோட்டையின் பெருமையை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பாதி வரலாறுதான். 1811 மார்ச் 1 அன்று முஹம்மத் அலி பாஷா, தம் மகன் தூஸூன் அரேபியப் படையெடுப்புக்குப் புறப்படும் விழா என்று சொல்லி மம்லூக் தலைவர்களைக் கோட்டைக்கு அழைத்தார். விருந்தினர் ஊர்வலமாகப் பாபுல் அஸப் வாசலை நோக்கி இறங்கினர். இருபுறமும் உயர்ந்த சுவர் கொண்ட குறுகிய பாதை அது. வாசல் மூடப்பட்டது, மேலிருந்து துப்பாக்கிகள் வெடித்தன. நானூறு பேருக்கு மேல் மாண்டனர். ஒருவர் மட்டும் குதிரையோடு மதிலிலிருந்து குதித்துத் தப்பினார் என்பது மக்கள் சொல்லும் கதை. விருந்துக்கு அழைத்தவர் முஸ்லிம், வந்தவர்களும் முஸ்லிம்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இக்கோட்டை ஆலிம்களுக்குச் சிறையாகவும் இருந்தது. இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) டமாஸ்கஸிலிருந்து வரவழைக்கப்பட்டு, கொள்கை விவாதத்தின் முடிவில் ஹிஜ்ரி 705இல் இங்கே அடைக்கப்பட்டார். அவருடைய கருத்துகளை ஏற்பவர்களும் மறுப்பவர்களும் நம்மில் உண்டு. ஆனால் ஓர் ஆலிமின் கருத்துக்குச் சிறைக்கதவு பதிலாகாது என்பதற்கு, அவர் எழுதியவை இன்றும் வாசிக்கப்படுவதும் மறுக்கப்படுவதுமே சாட்சி.

மலையடிவாரத்தில்: சுல்தான் ஹஸன் மதரஸா

கோட்டையின் மேடையில் நின்று மேற்கே பார்த்தால், நேர் கீழே இரண்டு பெரிய கட்டடங்கள் எதிரெதிரே தெரியும். இடப்பக்கம் இருப்பது சுல்தான் ஹஸன் பள்ளியும் மதரஸாவும். 1356இல் தொடங்கிய கட்டுமானம். வாசல் மட்டுமே ஏறத்தாழ 38 மீட்டர் உயரம். நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு பெரிய இவான்கள். மூலைகளில் ஹனஃபி, ஷாஃபி, மாலிகி, ஹன்பலி என்று நான்கு மத்ஹபுகளுக்கும் தனித்தனி மதரஸா. ஒவ்வொன்றுக்கும் தனி முற்றம், அடுக்கடுக்காக மாணவர் அறைகள். நான்கு வழிகளில் ஓதிய மாணவர்கள் ஒரே முற்றத்தில் தொழுதார்கள். மத்ஹபு பேதத்தைச் சண்டையாக்குவோர் ஒரு முறை இங்கே வந்து நின்று பார்க்க வேண்டும்.

இதைக் கட்டியவரின் கதை துயரமானது. சிறு வயதிலேயே சிம்மாசனம் ஏறியவர் சுல்தான் ஹஸன். 1348இல் கெய்ரோவைச் சூறையாடிய கொள்ளைநோயில் வாரிசின்றி இறந்தோரின் சொத்துகள் அரசுக் கருவூலத்துக்கு வந்தன. இந்தக் கட்டுமானச் செலவுக்கு அந்தப் பணமும் உதவியது என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். 1361இல், கட்டிக்கொண்டிருந்த மினாரா ஒன்று சரிந்து விழுந்து சுமார் 300 பேர் இறந்தனர். அவர்களில் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்த அநாதைப் பிள்ளைகளும் இருந்தனர். சில வாரங்களுக்குள் சுல்தானும் கொல்லப்பட்டார். அவருடைய உடல் கிடைக்கவேயில்லை. தமக்கென்று அவர் கட்டிய பிரமாண்டமான குப்பாவின் கீழ் அவர் இல்லை. அவருடைய மதரஸா மட்டும் பல தலைமுறைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தது.

எதிரே உள்ள ரிஃபாயீ பள்ளி 1912இல் முடிந்தது. கதீவ் இஸ்மாயில், மன்னர் ஃபுஆத், மன்னர் ஃபாரூக் ஆகியோரின் கப்ருகள் இங்கே உள்ளன. ஈரானிலிருந்து வெளியேறி 1980இல் கெய்ரோவில் இறந்த ஷா முஹம்மத் ரிஸா பஹ்லவியும் இங்கேதான் அடங்கியுள்ளார். நாடிழந்த மன்னர்கள் ஒரே கூரையின் கீழ்.

இங்கிருந்து மேற்கே சற்று நடந்தால் இப்னு தூலூன் பள்ளி. 879இல் கட்டி முடிந்தது. கெய்ரோவில் தன் மூல வடிவத்தை இழக்காமல் நிற்கும் மிகப் பழைய பள்ளி இது. வெளியே படிக்கட்டு சுற்றிச் செல்லும் மினாராவின் மேல் ஏறினால் கோட்டையும் பழைய நகரமும் ஒருசேரத் தெரியும்.

முஇஸ்ஸு தெரு: ஒரு கிலோமீட்டரில் பல நூற்றாண்டுகள்

மறுநாள் காலையில் நகரின் வடக்கு வாசலான பாபுல் ஃபுதூஹில் தொடங்கித் தெற்கே பாபு ஸுவைலா வரை நடந்து வாருங்கள். இடைப்பட்ட தூரம் சுமார் ஒரு கிலோமீட்டர். வாசல்கள் ஃபாத்திமி அமைச்சர் பத்ருல் ஜமாலி 1087க்கும் 1092க்கும் இடையில் கட்டியவை. வழியில் உள்ள ஹாகிம் பள்ளி 1013இல் முடிந்தது. பின்னர் பாழடைந்து கிடந்த அதை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுப்பித்தவர்கள் இந்தியாவிலிருந்து சென்ற தாவூதி போஹ்ரா சமூகத்தார்.

தெருவின் நடுவே சுல்தான் கலாவூனின் வளாகம் இருக்கிறது. 1284, 1285ஆம் ஆண்டுகளில் கட்டியது. மதரஸா, அடக்கத்தலம், மாரிஸ்தான் எனப்படும் மருத்துவமனை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில். கலாவூன் படைத்தலைவராக இருந்தபோது டமாஸ்கஸில் நோயுற்று, நூருத்தீன் ஸங்கி நிறுவிய மருத்துவமனையின் மருந்தால் குணமடைந்தார். தாம் ஆட்சிக்கு வந்தால் இதைப்போல் ஒன்று கட்டுவதாக நேர்ச்சை செய்தார், கட்டவும் செய்தார். ஏழை, பணக்காரர், ஆண், பெண், உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் என்று பாராமல் இலவச சிகிச்சை என்பது வக்ஃபுப் பத்திரத்தின் நிபந்தனை. நுரையீரல் வழியே இரத்தம் சுற்றிவருவதை முதன்முதலில் விளக்கிய மருத்துவர் இப்னு நஃபீஸ், 1288இல் இறக்கும் முன் தம் வீட்டையும் நூலகத்தையும் இந்த மருத்துவமனைக்கே எழுதிவைத்தார். அந்த இடத்தில் நம் காலத்திலும் ஒரு கண் மருத்துவமனை இயங்கி வந்திருக்கிறது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. வேலையை விரைந்து முடிக்க வழிப்போக்கர்களையும் கைதிகளையும் கட்டாயப்படுத்தி உழைக்க வைத்தார்கள். அதனால் மார்க்கப் பேணுதல் உள்ள சிலர் அங்கே தொழத் தயங்கினர் என்று கெய்ரோவின் வரலாற்றாசிரியர் மக்ரீஸி பதிவு செய்திருக்கிறார். நல்ல காரியத்துக்கும் வழிமுறை நேர்மையாக இருக்க வேண்டும் என்று அன்றே கேட்டவர்கள் இருந்தார்கள்.

இந்தக் கட்டடங்களுக்குள் நுழையும்போது ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். வெளிச்சுவர் தெருவின் போக்கில் நிற்கும். உள்ளே தொழுகைக் கூடம் தென்கிழக்கே கிப்லாவை நோக்கித் திரும்பியிருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட கோண வேறுபாட்டைச் சுவரின் கனத்திலும் வளைந்து செல்லும் நடைவழியிலும் கட்டடக் கலைஞர்கள் மறைத்துவிட்டார்கள். தெருவுக்கு இடைஞ்சல் இல்லை, கிப்லாவும் தவறவில்லை.

தெருவோரம் வளைந்த கம்பி ஜன்னல் கொண்ட அழகிய சிறு கட்டடங்கள் வரும். அவை ‘ஸபீல் குத்தாப்’. கீழே வழிப்போக்கருக்கு இலவசத் தண்ணீர். மேலே ஏழை, அநாதைப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் பள்ளி. 1744இல் அப்துர் ரஹ்மான் கத்குதா கட்டியது அவற்றில் புகழ்பெற்றது. தாகத்துக்கும் அறியாமைக்கும் ஒரே கட்டடத்தில் மருந்து.

தெருவின் தென்பகுதியில் சுல்தான் கூரியின் வளாகம். அவரும் தமக்கென்று அடக்கத்தலம் கட்டினார். 1516இல் அலெப்போ அருகே மர்ஜ் தாபிக் போர்க்களத்தில் விழுந்தார், உடல் கிடைக்கவில்லை. அவருக்குப்பின் ஆட்சிக்கு வந்த தூமான் பேயை 1517இல் உஸ்மானியர் தூக்கிலிட்டது பாபு ஸுவைலாவில்தான்.

அந்த வாசலின் இரு கொத்தளங்கள் மேல் இரண்டு மினாராக்கள் நிற்கின்றன. அவை அருகே உள்ள முஅய்யத் பள்ளிக்கு உரியவை. முஅய்யத் ஷைக் சுல்தானாவதற்கு முன் அந்த இடத்தில் இருந்த சிறையில் அடைபட்டு, பேன் கடியிலும் அழுக்கிலும் வாடினார். விடுதலை பெற்றால் இச்சிறையை இடித்துப் பள்ளி கட்டுவேன் என்று நேர்ந்துகொண்டார், அப்படியே செய்தார். ஆனால் அதன் பெரிய வெண்கலக் கதவு சுல்தான் ஹஸன் பள்ளியிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது. ஒரு வக்ஃபை உயர்த்த இன்னொரு வக்ஃபில் கை வைத்ததற்கான சாட்சியாக அந்தக் கதவு இன்றும் அங்கேதான் இருக்கிறது.

நம் பாடநூல்கள் பிறந்த தெருக்கள்

தமிழகத்தின் அரபி மதரஸாக்களில் ஓதிய எவருக்கும் தஃப்ஸீர் ஜலாலைன் தெரியும். அதன் பிற்பாதியை எழுதிய ஜலாலுத்தீன் மஹல்லீ (ரஹ்) கெய்ரோக்காரர், 1459இல் மறைந்தார். முற்பாதியை எழுதி நிறைவு செய்த ஜலாலுத்தீன் ஸுயூத்தி (ரஹ்) அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர், அவரும் இந்நகரத்தவரே.

ஸஹீஹுல் புகாரியின் இரு பெரும் விரிவுரைகளும் இங்கேதான் எழுந்தன. ஃபத்ஹுல் பாரி எழுதிய இப்னு ஹஜர் அஸ்கலானி (ரஹ்) ஷாஃபிகளின் தலைமைக் காஜி. உம்ததுல் காரி எழுதிய பத்ருத்தீன் ஐனீ (ரஹ்) ஹனஃபிகளின் தலைமைக் காஜி. இருவரும் சமகாலத்தவர். முஅய்யத் பள்ளியின் மினாரா ஒன்று கட்டும்போதே சாய்ந்து, இடிக்க வேண்டி வந்தபோது இவ்விருவரும் கவிதையில் மோதிக்கொண்டது இலக்கிய உலகில் பிரபலம். மினாராவுக்குக் ‘கண்’ பட்டுவிட்டது என்று ஒருவர் சொல்ல, அரபியில் ‘ஐன்’ என்றால் கண். இல்லை, ‘கல்’ பழுதானது என்று மற்றவர் சொல்ல, ‘ஹஜர்’ என்றால் கல். ஒருவர் பெயரை வைத்து ஒருவர் குத்தினார்கள். ஆனாலும் இருவருடைய நூல்களும் இன்று நம் ஆலிம்களின் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

இவர்களுக்கு முன்னரே 1380களில் துனிஸிலிருந்து வந்த இப்னு கல்தூன், அல்அஸ்ஹரில் பாடம் நடத்தி, மாலிகி தலைமைக் காஜியாகப் பணியாற்றி 1406இல் இங்கேயே மறைந்தார். அல்அஸ்ஹரில் முதல் தொழுகை நடந்தது 972இல். அங்கே இன்றும் தூணோரம் அமர்ந்து பாடம் கேட்கும் மாணவர்களைக் காணலாம்.

கல்லைக் காத்தது எது?

இத்தனை கட்டடங்கள் எப்படி நிலைத்தன? கல்லின் வலிமையால் மட்டும் அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் வக்ஃபு இருந்தது. நிலம், கடைகள், சத்திரங்கள், குளியல் கூடங்கள் ஆகியவற்றின் வருமானத்தில் இமாமின் சம்பளம், மாணவரின் உணவு, விளக்கெண்ணெய், பழுதுபார்ப்பு எல்லாம் பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தன. தம் சொத்து பறிமுதலாகாமல் பிள்ளைகளுக்குப் பயன்பட வேண்டும் என்ற தன்னல நோக்கமும் அந்த அமீர்கள் பலருக்கு இருந்தது உண்மைதான். ஆயினும் பயன் ஊருக்குக் கிடைத்தது.

முஹம்மத் அலி பாஷா வக்ஃபு நிலங்களின் பெரும்பகுதியை அரசின் கைக்குக் கொண்டுவந்தார். வருமானம் அறுந்ததும் பழைய மதரஸாக்களும் ஸபீல்களும் நலியத் தொடங்கின. மலை மேல் புதிய பள்ளி பளபளத்தபோது கீழே பழையவை விரிசல் கண்டன. 1881இல்தான் பழைய கட்டடங்களைப் பாதுகாக்க ஒரு குழு அமைந்தது. 1979இல் பழைய கெய்ரோ யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 1992 நிலநடுக்கம் பல கட்டடங்களைச் சேதப்படுத்தியது. அதன் பிறகு சீரமைப்பு வேகம் பெற்றது. அண்மை ஆண்டுகளில் சாலைப் பணிகளுக்காகப் பழைய கப்ருஸ்தான் பகுதியில் பல கட்டடங்கள் இடிக்கப்பட்டதும், அதற்கு எகிப்திய அறிஞர்களிடமிருந்து எதிர்ப்பு எழுந்ததும் செய்திகளில் வந்தன. ஆபத்து தீர்ந்துவிடவில்லை.

இமாம் ஷாஃபி (ரஹ்) அடக்கத்தலம்

கோட்டைக்குத் தெற்கே கராஃபா கப்ருஸ்தானில் இமாம் ஷாஃபி அடங்கியுள்ளார்கள். ஹிஜ்ரி 150இல் காஸாவில் பிறந்த இமாம், வாழ்வின் கடைசி சில ஆண்டுகளை ஃபுஸ்தாத்தில் கழித்து ஹிஜ்ரி 204இல் (820) மறைந்தார்கள். ஈராக்கில் சொன்ன பல தீர்ப்புகளை மறுஆய்வு செய்து ‘கவ்லு ஜதீத்’ என்ற புதிய தீர்ப்புகளை வகுத்தது இங்கேதான். நம் கடற்கரை ஊர்களின் ஷாஃபி குடும்பங்கள் வுளூவிலும் தொழுகையிலும் இன்று பின்பற்றுவது பெரும்பாலும் அந்தப் புதிய தீர்ப்புகளையே. காயலும் கீழக்கரையும் இந்த ஊரோடு உறவு கொண்டது அப்படித்தான்.

ஸலாஹுத்தீன் இமாமின் அடக்கத்தலம் அருகே பெரிய மதரஸா கட்டினார். 1178இல் செதுக்கிய மரவேலைப்பாடு கப்ரின் மேல் உள்ளது. 1211இல் சுல்தான் காமில் இப்போதுள்ள குப்பாவை எழுப்பினார். அதன் உச்சியில் ஒரு சிறு படகு இருக்கும். நிமிர்ந்து பார்க்க மறக்காதீர்கள். 2021இல் சீரமைப்பு முடிந்தது. கப்ரில் ஸலாம் சொல்லி துஆச் செய்யுங்கள். மார்க்கம் அனுமதிக்காத செயல்களைப் பிறர் செய்தாலும் நாம் தவிர்ந்துகொள்வோம்.

அப்படியே ஃபுஸ்தாத் சென்று, அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) கட்டிய பள்ளியையும் காணலாம். ஆப்பிரிக்கக் கண்டத்தின் முதல் பள்ளிவாசல் அது. கட்டடம் பலமுறை மாறியிருந்தாலும் இடம் அதுவே.

பயண ஏற்பாடுகள்

• மூன்று நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் கோட்டை, சுல்தான் ஹஸன், இப்னு தூலூன். இரண்டாம் நாள் முஇஸ்ஸு தெரு, அல்அஸ்ஹர். மூன்றாம் நாள் இமாம் ஷாஃபி, ஃபுஸ்தாத்.

• நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தணிந்திருக்கும். கோட்டையில் நிழல் குறைவு, காலையிலேயே போய்விடுங்கள். வானம் தெளிவாக இருந்தால் மேடையிலிருந்து பிரமிடுகளும் தெரியும்.

• கோட்டைக்குப் பொதுவாக நுழையும் வாசல் பழைய நகரத்துக்கு எதிர்ப்புறம், ஸலாஹ் ஸாலிம் சாலைப் பக்கம். சுல்தான் ஹஸன் பள்ளி கண்ணுக்கு அருகில் தெரிந்தாலும் சுற்றித்தான் வர வேண்டும். முதியவர்கள் இருந்தால் வாடகை வண்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

• வெள்ளிக்கிழமை நண்பகலில் பள்ளிகளில் சுற்றிப் பார்க்க இயலாது. அன்று ஏதேனும் ஒரு பழைய பள்ளியில் ஜும்ஆ தொழுவது நல்லது.

• காலணியைப் பார்த்துக்கொள்பவருக்குச் சிறு தொகை கொடுப்பது அங்குள்ள வழக்கம். சில்லறை வைத்திருங்கள்.

• பயணத் தொழுகை: ஷாஃபி மத்ஹபுப்படி, வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாள் தங்கும் எண்ணம் இல்லையெனில் கஸ்ரு, ஜம்உ செய்யலாம். ஹனஃபி மத்ஹபுப்படி பதினைந்து நாளுக்குக் குறைவாகத் தங்கினால் கஸ்ரு உண்டு, ஜம்உ இல்லை.

• ஒரு மாலைப்பொழுதை அல்அஸ்ஹர் பூங்காவில் கழியுங்கள். நூற்றாண்டுகளாகக் குப்பை மேடாகக் கிடந்த இடம், 2005இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. வேலையின்போது மண்ணுக்குள் புதைந்திருந்த அய்யூபி மதில் வெளிப்பட்டது. கோட்டையும் மினாராக்களும் மாலை வெளிச்சத்தில் அங்கிருந்து மிக அழகாகத் தெரியும். பிள்ளைகள் ஓடி விளையாடவும் இடம் உண்டு.

அந்தப் பூங்காவில் அமர்ந்திருக்கும்போது பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: மேலே தெரியும் கோட்டையை ஆண்ட சுல்தான்களில் எத்தனை பேரின் பெயர் நினைவிருக்கிறது? ஒன்றிரண்டு சொல்வார்கள். கீழே தெருவில் வாழ்ந்த இப்னு ஹஜரையும் ஸுயூத்தியையும் உலகெங்கும் மாணவர்கள் நாள்தோறும் ஓதுகிறார்கள். சுல்தான்களிலும் நம் நாவில் நிற்பவர்கள், நீதி செய்தவர்களும் ஒரு மருத்துவமனையையோ மதரஸாவையோ விட்டுச் சென்றவர்களும்தான்.

ஊர் திரும்பியதும் நம் ஜமாஅத்தின் வக்ஃபுப் பத்திரங்கள் எங்கே இருக்கின்றன, வாடகை ஒழுங்காக வருகிறதா, யாருக்காக எழுதிவைக்கப்பட்டதோ அவர்களுக்குப் போய்ச் சேர்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள். கெய்ரோவின் பழைய தெருக்களில் நடந்து வந்தவருக்கு அந்தக் கேள்வி தானாகவே எழும். அல்லாஹ் நம் பயணங்களைப் பயனுள்ளவையாக ஆக்குவானாக.